தானாக வந்த ஒரு சொல்

பக்கவாதம் வந்த மூன்றாவது வாரத்தில் அவரை என் அறைக்கு அழைத்து வந்தார்கள். வேலூர் மண்டி வீதியில் முப்பது வருஷம் மூட்டை தூக்கியவர். வலது கை தொங்கியது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. பெயர் கேட்டேன், வரவில்லை. மகன் பெயர் கேட்டேன், அதுவும் வரவில்லை. தம்ளரை எடுத்துக் காட்டி இது என்ன என்றேன். உதடு துடித்தது, கண்ணில் நீர் கட்டியது. இடது கையால் மேசையை ஓங்கித் தட்டினார். பிறகு ஓர் எழுத்துகூடச் சிதையாமல் சொன்னார்: "கம்மனாட்டி!"

மகன் கூசிப்போனார். "மேடம், நைனா பொம்பளைங்க எதிர்ல இப்டி பேசற ஆளே இல்ல. தப்பா எடுத்துக்காதீங்க."

கூட வந்திருந்த அக்காவுக்கு எழுபது வயது. அவர் மட்டும் தம்பியின் தோளைத் தடவிக்கொடுத்தார். "இத்தினி நாளா கல்லு மாதிரி கெடந்தான். திட்றான் பாரு, உள்ள உசுரு கீது."

பதினாறு வருஷமாகப் பேச்சுப் பயிற்சி கொடுத்து வருகிறேன். காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு என்று பல ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். எங்கிருந்து வந்தாலும் குடும்பத்தார் வெட்கத்தோடு கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தண்ணீர் என்று கேட்கக்கூட வாய் வராத மனுஷனுக்குக் கெட்ட வார்த்தை மட்டும் எப்படி வருகிறது? வேண்டுமென்றே செய்கிறாரோ என்று சில மருமகள்கள் நினைத்துவிடுகிறார்கள். அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைப்பதை என் வேலையின் முதல் கடமையாக வைத்திருக்கிறேன்.

யோசித்து, சொல் தேடி, வாக்கியம் கட்டிப் பேசும் பேச்சு பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடது பக்கத்தை நம்பியிருக்கிறது. அந்தப் பக்கம் அடிபட்டால் அந்தப் பேச்சு போய்விடும். ஆனால் தானாக வருகிற பேச்சு ஒன்று இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது, சின்ன வயதில் மனப்பாடமான பாட்டு, "முருகா", "ஐயோ", அப்புறம் வசவு. இவற்றில் வலது பக்கத்துக்கும், மூளையின் ஆழத்தில் உணர்ச்சியோடும் பழக்கத்தோடும் பிணைந்திருக்கிற பகுதிகளுக்கும் பெரும் பங்கு உண்டு. இது புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. 1861-ல் பாரிஸில் பால் ப்ரோகா என்ற மருத்துவர் லெபோர்ன் என்ற நோயாளியைப் பற்றி எழுதினார். எதைக் கேட்டாலும் "டான்" என்ற ஒரே ஓசைதான் வரும் அவருக்கு. கோபம் தலைக்கேறினால் மட்டும் கடவுள் பெயரை இழுத்துத் திட்டுகிற ஒரு முழு வசவு வெளியே வந்துவிடுமாம். பேச்சுக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பு பற்றிய படிப்பே தொடங்குகிற அந்த இடத்தில் ஒரு வசவும் இருக்கிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் இதைச் சொல்கிறேன்.

அப்படியானால் அந்தச் சொல் என்ன செய்கிறது? வலியைத் தாங்க உதவுகிறது. இங்கிலாந்தில் கீல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டீஃபன்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 67 மாணவர்களின் கையைக் கடும் குளிர் நீரில் வைக்கச் சொன்னார்கள். ஒரு முறை வசைச் சொல்லைச் சொல்லிக்கொண்டு, இன்னொரு முறை மேசையை வர்ணிக்கிற சாதாரணச் சொல்லைச் சொல்லிக்கொண்டு. திட்டியபோது அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள், வலியும் குறைவாகத் தெரிந்தது. 2009-ல் வெளியான ஆய்வு இது. வசவு உடல் பலத்தையும் சற்றுக் கூட்டுகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகளில் தெரிந்தது. மண்டி வீதியில் முதுகில் மூட்டை ஏறும் நேரத்தில் கேட்கிற சத்தங்களை நான் வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது அதைப் படித்த பிறகுதான்.

என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது 2020-ல் வந்த ஆய்வு. "ஃபவுச்", "ட்விஸ்பைப்" என்று இரண்டு புதுச் சொற்களை உண்டாக்கி, பழைய வசவுக்குப் பதிலாகச் சொல்ல வைத்தார்கள். காதுக்கு வேடிக்கையாக இருந்தன, வலியை மட்டும் குறைக்கவில்லை. ஆக, பலம் ஓசையில் இல்லை. அந்தச் சொல்லோடு சேர்ந்து நமக்குள் போன பயத்திலும் கூச்சத்திலும் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஏழு வயதில், தெருவில் கேட்ட ஒரு சொல்லை வீட்டில் சொன்னேன். அம்மா அடுப்பிலிருந்து கரண்டியை எடுத்து "வாயில சூடு வெப்பேன்" என்றார். வைக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு அன்றைக்குச் சூடு ஏறிவிட்டது, இன்றுவரை ஆறவில்லை.

காந்தி ரோடு லாட்ஜ்களில் தங்கி வைத்தியம் பார்த்துக்கொள்கிற வங்காளிகள் என்னிடமும் வருவார்கள். அவர்கள் வசைபாடும்போது உறவினர்கள் முகம் சிவக்கிறது. எனக்கு அது ஒலி மட்டுமே, உச்சரிப்பைக் குறித்துக்கொள்கிறேன். தமிழில் ஒருவர் சொன்னால் பதினாறு வருஷம் கழிந்த பிறகும் கழுத்து சூடாகிறது. துருக்கியைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலத்தைப் பின்னால் கற்றவர்களிடம் செய்த ஒரு சோதனையிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். சின்ன வயதில் வாங்கிய திட்டுகளைத் துருக்கி மொழியில் கேட்டபோது தோலில் பதிவான உணர்ச்சி, ஆங்கிலத்தில் கேட்டபோது இருந்ததைவிட அதிகம்.

இரண்டாவது மாதம் அவருடைய மண்டிக் கூட்டாளிகள் மூன்று பேர் வந்தார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வரத் தயங்கி நின்றார்கள். ஒருவர் மட்டும் எட்டிப் பார்த்து, "இன்னாடா கம்மனாட்டி, எப்ப வேலைக்கு வர்ற?" என்றார். இவர் சிரித்தார். பாதி முகம்தான் அசைந்தது, ஆனாலும் அது முழுச் சிரிப்பு. அவ்வளவு நாளில் நான் பார்த்த முதல் சிரிப்பு அதுதான். நியூசிலாந்தில் ஒரு சோப்புத் தொழிற்சாலையின் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தவர்கள், ஒரே குழுவுக்குள் வசவு நெருக்கத்தின் அடையாளமாக இருப்பதை எழுதியிருக்கிறார்கள். மற்ற குழுவினரிடம் அவர்கள் அப்படிப் பேசுவதில்லை.

அதே சொல் மேலிருந்து கீழே விழுந்தால் வேறு. நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாவை அதிகாரி ஒருவர் இதே வார்த்தையால் திட்டினார். அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு பேசாமல் போனார். நானும் பேசாமல் நின்றேன். அது இன்னும் மனதை அறுக்கிறது. கம்மனாட்டி என்பது கைம்பெண்டாட்டி என்ற சொல்லின் திரிபு. கணவனை இழந்தவள் என்பதுதான் அதன் பொருள். வசவுகள் பெரும்பாலும் இப்படித்தான், யாரோ ஒருவருடைய காயத்திலிருந்து செய்தவை. அந்த ஆயாவும் கணவரை இழந்தவர்.

1980-ல் வந்த ஒரு பயிற்சி முறை இருக்கிறது. நோயாளி வாயில் தானாக வருகிற சொற்களையே அட்டையில் எழுதிக் காட்டி, பார்த்து வாசிக்க வைப்பது. தானாக வந்ததை மெல்ல மெல்ல அவர் வசத்துக்குக் கொண்டுவருவது. இவருக்குத் தானாக வந்தவை நான்கு: "வா", "போ", "டீ", அப்புறம் அந்தச் சொல். அதுவரை குறிப்பேட்டில் "வசைச்சொல்" என்றே எழுதிவந்தேன். அட்டையில் அப்படி எழுத முடியாது. எதிரில் அக்கா உட்கார்ந்திருந்தார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

புரிந்துகொண்டார். "எழுதும்மா. இருவத்திரண்டு வயசுல தாலி அறுந்துச்சு எனக்கு. நாப்பத்தெட்டு வருசமா யார் யாரோ என்னெ அப்டி சொன்னாங்க. இவன் ஒரு நாளும் சொன்னதில்ல."

எழுதினேன். கொட்டை எழுத்தில், அவர் கண் முன்னால். அட்டையைத் திருப்பித் தம்பியிடம் காட்டினேன். கோபத்தில் பட்டென்று வெடித்துவருகிற சொல், இப்போது வேண்டுமென்று கேட்டபோது வரவில்லை. உதட்டைச் சேர்த்தார், பிரித்தார். நெற்றி வேர்த்தது. "க... ம்..." என்று நின்றது. அக்கா முந்தானையால் அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டு, "இன்னோரு தபா சொல்லுடா" என்றார்.