மெயிலில் சொன்னோம்

“இத மார்ச்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கட்டியிருப்பனுங்களே.”

எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் கிளையன்ட் இப்படிச் சொன்னதும் ஆடிட்டர் சார் குரலை உயர்த்தவில்லை. பழைய மெயிலைத் தேடி எடுத்து, “டிரெயிலிங் மெயில் பார்க்கவும்”, அதாவது கீழே உள்ள பழைய மெயிலைப் பாருங்கள் என்று ஒரு வரி போட்டு அனுப்பினார். சட்டப்படி நாங்கள் சொல்லியாயிற்று.

விஷயம் வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு. 2023-24 கணக்குக்குத்தான் முதல்முறையாக வந்தது. குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கியதற்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும். கெடு தாண்டிய பாக்கி மார்ச் 31 அன்று நின்றால் அந்த வருஷம் செலவில் கழியாது.

அந்த மார்ச்சில் கிளையன்ட்டுக்கு நான் எழுதிய மெயில் டிராஃப்ட்டின் முதல் வரி: “கீழே உள்ள பாக்கிகளை 31-க்குள் தீர்க்காவிட்டால் அவ்வளவும் உங்கள் லாபத்தில் சேரும், வரி வரும்.” அடியில் சப்ளையர் பெயர், பில் தேதி, தொகை. சார் அட்டவணையோடு சேர்த்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். போனது இதுதான்: “பிரிவு 43பி(எச்)-இன் விதிகள் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரப்படுகின்றன. உரிய நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறோம்.” உடனே பதில் வந்தது: “நோட்டட் சார்.” நோட்டட் என்று வந்தால் படிக்கவில்லை என்று அர்த்தம். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஏன் எடுத்தீங்க என்று கேட்டேன். “நீங்க எழுதினது ஃபோன்ல சொல்றது. மெயில்ல நிக்க வேண்டியது இதுதான்.”

நியாயம் இல்லாமல் இல்லை. பட்டியலில் பாதிப் பேரின் உத்யம் சான்றிதழ், அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனம் என்ற பதிவு, எங்களிடம் கிடையாது. யார் சிறு, யார் நடுத்தரம் என்றே தெரியாது; நடுத்தரத்துக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. விட்டுப்போன ஒரு பெயர் பின்னால் கிளம்பினால், “உங்க லிஸ்ட்ல இல்லையே” என்று அதே கிளையன்ட் அதே மெயிலை நீட்டுவார். கையெழுத்து சாருடையது, என்னுடையது அல்ல.

அரைகுறை விவரம் என்றால் அரைகுறை என்று சொல்லியே அனுப்பியிருக்கலாமே? கிளையன்ட்டுக்கு வங்கி ஓவர்டிராஃப்ட்டில் இடம் இருந்தது. கட்டியிருப்பார். பணம் கொடுக்கிற வருஷத்தில் எப்படியும் கழியத்தானே போகிறது, பெரிய நஷ்டமில்லை என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் முன்கூட்டிக் கட்ட வேண்டிய வரி குறைந்ததற்கான 234பி, 234சி வட்டி? அது போனது போனதுதான்.

ஃபோனில் சொல்வது என்றாரே சார், யார் சொல்வது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சார் வெட்டிய வரியை நான் ஃபோனில் சொன்னால் அவரை மீறியதாகாதா? சில நாள் இந்தச் சமாதானம் போதுமானதாக இருக்கிறது.

அடுத்த மார்ச்சில் தேதியையும் தொகையையும் முதல் வரியிலேயே வைத்தேன். சார் இந்த முறை வெட்டவில்லை. முன்னால் “எங்களிடம் உள்ள விவரப்படி” என்று மட்டும் சேர்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று சப்ளையரின் சான்றிதழ் அன்றைக்கும் வந்திருக்கவில்லை.