அந்தக் குட்டி இது இல்லீங்க

"அந்தக் குட்டி இது இல்லீங்க தம்பி. இதோட அம்மா பக்கத்துலயேதான் நின்னுச்சு."

எடிட் அறையில் என் முதுகுக்குப் பின்னால் நின்று படம் பார்த்துக்கொண்டிருந்த வேட்டைத் தடுப்புக் காவலர் சொன்னது இது. ஓசூர் பக்கம் ஜவளகிரிக் காட்டுக்குள் எங்களைக் கூட்டிப்போனவரே அவர்தான். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "தெரியும் அண்ணா. பாக்கறவங்க மனசுல நிக்கணும் இல்லையா?" என்றேன். "சரிங்க" என்றார். அப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தச் 'சரிங்க'தான் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தப்பின. அதை வைத்துத்தான் இந்த ஆவணப்படம். தப்பிய குட்டிகளின் காட்சி எங்களிடம் இல்லை. முந்தைய ஆண்டு எடுத்த வேறொரு குட்டி இருந்தது. ஓரத்தில் நின்ற தாய் தெரியாதபடி ஷாட்டைப் பெரிதாக்கி வெட்டினேன். "தாயைத் தேடி அலைகிறது இந்தக் குட்டி" என்று எழுதி, குரலும் நானே கொடுத்தேன்.

இந்தத் தொழிலில் நான் அண்ணாந்து பார்த்த ஆள் வின்ஸ்டன் ஹிப்லர். டிஸ்னி ஸ்டுடியோவில் 'சிண்ட்ரெல்லா', 'பீட்டர் பான்' படங்களின் கதைக்குழுவில் இருந்தவர், பின்னாளில் தயாரிப்பாளர். 1948-இல் வந்த 'சீல் ஐலண்ட்' தொடங்கி அந்த ஸ்டுடியோவின் இயற்கைப் படங்களுக்குக் குரல் அவருடையது. பக்கத்து வீட்டுப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதுபோல் இருக்கும். 1958-இல் வந்த 'ஒயிட் வில்டர்னஸ்' படத்தில் லெம்மிங் என்னும் எலி இனம் கூட்டமாகக் கடலில் விழுந்து சாவதாக அதே குரல் சொல்கிறது. அந்தப் படத்துக்கு ஆஸ்கரும் கிடைத்தது. கடலே இல்லாத ஆல்பர்ட்டாவில், விலைக்கு வாங்கிய எலிகளை ஆற்றில் தள்ளி எடுத்த காட்சி அது என்று 1982-இல் கனடாவின் சிபிசி தொலைக்காட்சி வெளிப்படுத்தியது. ஹிப்லர் 1976-லேயே இறந்துவிட்டார். லெம்மிங் தற்கொலை செய்துகொள்ளும் என்று இன்றும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

நான் எந்த உயிரையும் ஆற்றில் தள்ளவில்லை. மூன்று யானைகள் செத்தது உண்மை, குட்டிகள் அநாதையானதும் உண்மை. இதற்கு முன் எடுத்த படத்தில் எல்லாம் சரியாகச் சொல்லியிருந்தேன். சூரிய மின்வேலி விட்டுவிட்டு அடித்து யானையை விரட்டும், வீட்டுக் கரண்டை நேராகக் கம்பியில் கொடுத்தால் கொன்றுவிடும் என்று படம் போட்டு விளக்கியிருந்தேன். ஊர்களில் திரையிட்டபோது பாதியிலேயே ஜனம் எழுந்து போனது. இந்தப் படத்துக்கு ஒருவரும் எழவில்லை. ராகி அறுவடை நேரம், யானை வராமல் பார்க்க ராத்திரி பரண் காவலுக்குப் போக வேண்டியவர்கள்கூடக் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள். அப்போது நான் செய்தது சரி என்றே தோன்றியது. பல நாள் இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஆனால் ராகிக்காட்டில் விடிய விடியக் கண்விழிக்கிறவர்களிடம் போய், யானையைப் பற்றி நான் பொய் சொல்லியிருக்கிறேன். வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் இவ்வளவு உறுத்தியிருக்காதோ என்னவோ.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் படம் முடிந்ததும் ஒரு அம்மா என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. "அந்தக் குட்டி இப்ப எங்க இருக்குதுங்க?"

"இன்னொரு குட்டிங்கம்மா அது" என்று சொல்ல அந்த ஒரு நிமிஷம் போதும். "காட்டுக்குள்ள நல்லா இருக்குதும்மா" என்றேன்.

காவலர் பக்கத்தில்தான் திரையை மடித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும். மடித்த திரையைத் தூக்கிக்கொண்டு ஜீப் பக்கம் நடந்தார்.

"இது அதே வயதுள்ள இன்னொரு குட்டி" என்று வரியை மாற்றி நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். சத்தமாகப் படித்தும் பார்த்தேன், மோசமாக இல்லை. டப்பிங்குக்கு இன்னும் போகவில்லை.