பில் போடுறவங்க கையில் இல்லாத விஷயங்கள்

பெங்களூரில் கடைக்குப் போகிற நம்ம ஊர்க்காரர்களுக்கு, கடை ஊழியரிடம் பேசும்போது முதல் சறுக்கல் வினைச்சொல்லின் வாலில் வரும். கன்னடத்திலும் ‘கொடு’ கொடுதான், அதே அதட்டல்தான். நம்ம ‘கொடுங்க’வுக்கு அங்கே ‘கொடி’. ‘வாங்க’ என்பதற்கு ‘பன்னி’. ஊருக்குப் புதிதாக வந்தவர் இதைக் கேட்டு முறைத்தால் அவர்மேல் தப்பில்லை, ஆனால் அது மரியாதையான வரவேற்பு. ‘அண்ணா’, ‘அக்கா’ இரண்டு மொழிக்கும் பொது, அதனால் வேறெதுவும் வராவிட்டாலும் அது போதும். அல்சூர், சிவாஜிநகர் பக்கம் பல கடைகளில் தமிழே ஓடும். மால்களில் நிற்கிற பிள்ளைகளில் பலர் பீகார், ஒடிசா, அஸ்ஸாமிலிருந்து வந்தவர்கள். அவர்களிடம் அரைகுறை இந்தியில் பேசினாலும் ‘தும்’ (நீ) வேண்டாம், ‘ஆப்’ (நீங்கள்) போடுங்கள். வயதில் சின்னவர் என்பதற்காக வீட்டுத் தம்பியைக் கூப்பிடுகிற மாதிரி ‘ஏய்’ என்றால் எந்த மொழியிலும் அது செல்லமாகக் கேட்காது. விரல் சொடுக்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பேச்சைவிடப் பெரிய விஷயம், எது கடை ஊழியர் கையில் இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்துகொள்வது. சூப்பர் மார்க்கெட் கவுன்ட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் ஆன ஒரு பொருளை பில்லிலிருந்து நீக்க, பெரும்பாலான பெரிய கடைகளில் பில் போடுகிற பெண்ணுக்கு அனுமதி கிடையாது. சூப்பர்வைசர் வந்து பாஸ்வேர்டு போட வேண்டும். அவர் குடோனில் இருந்தால் வரிசை முழுக்க நிற்கும், பின்னால் நிற்பவர்கள் அந்தப் பெண்ணைத்தான் முறைப்பார்கள். எனவே வேண்டாம் என்று நினைக்கிற பொருளை ஸ்கேனருக்குப் போகும் முன்பே தனியாக எடுத்து, “இது வேண்டாம்மா” என்று கையில் கொடுங்கள். காய்கறியை எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வரிசைக்கு வாருங்கள். பை வேண்டுமா என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள், அதுவும் பில்லில் ஏற வேண்டிய ஒரு பொருள். அலமாரியில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை என்றால் பெரும்பாலும் அலமாரி அட்டையை மாற்ற மறந்திருப்பார்கள். அட்டையை போனில் படம் எடுத்து மேனேஜரிடம் காட்டுங்கள்.

போன் நம்பர் கேட்பதும் அப்படித்தான், கேட்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. நம்பர் கொடுத்தால்தான் பில் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023-இல் அறிவுறுத்தியிருக்கிறது. “நம்பர் இல்லாம போடுங்கம்மா” என்றால் முடிந்தது, அவரிடம் தனியுரிமை பற்றி வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

யூபிஐ தகராறுதான் இப்போது அதிகம். உங்கள் போனில் பச்சை டிக் வந்துவிட்டது, அங்கே ஸ்பீக்கர் பேசவில்லை. “இன்னும் வரல சார்” என்றால் உங்களைத் திருடன் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போலி ஸ்கிரீனைக் காட்டி ஏமாற்றுகிற ஆட்கள் இருக்கிறார்கள். ராத்திரி கணக்கு முடிக்கும்போது குறைந்தால் ‘ஷார்ட்’ என்று எழுதி சம்பளத்தில் பிடிக்கிற கடைகளும் இருக்கின்றன. இரண்டு நிமிடம் பொறுங்கள். வராவிட்டால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு ரொக்கமாகக் கொடுங்கள். கடைக்குச் சேராத பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 விதி, தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ரொக்கம் கொடுக்கும்போது “ஐந்நூறு ரூபா” என்று வாய்விட்டுச் சொல்லி கையில் கொடுங்கள். மேஜையில் வீசினால் மரியாதையும் போகும், எத்தனை ரூபாய் நோட்டு என்ற குழப்பமும் வரும்.

சிக்பேட்டையில் புடவை எடுப்பது வேறு கலை. பல கடைகளில் செருப்பைக் கழற்றிவிட்டு வெள்ளை மெத்தையில் உட்கார வேண்டும். புடவை ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துணியோடு ஆறேகால் பக்கம் வரும். பட்டாக இருந்தால் பழைய மடிப்பிலேயே கரைக்குக் கரை சேர்த்து, ஜரிகை நொறுங்காமல் மடிக்க வேண்டும், பெரும்பாலும் இரண்டு பேர் வேலை. நீங்கள் நல்லெண்ணத்தில் மடித்துக் கொடுத்தால் அவர்கள் பிரித்து மறுபடி மடிப்பார்கள், சும்மா விட்டுவிடுங்கள். மெத்தையில் கிடக்கும் புடவையை மிதிக்காமல், தாண்டாமல் எழுந்திருப்பதே பெரிய உதவி. அதைவிட உதவி, உட்கார்ந்ததுமே நாலு விஷயம் சொல்வது: என்ன விசேஷம், எவ்வளவு வரைக்கும், என்ன நிறம் வேண்டவே வேண்டாம், கரை பெரிதா சின்னதா. ‘காட்டுங்க பாக்கலாம்’ என்று ஆரம்பித்தால் முப்பது புடவை விரியும். பார்க்க மட்டும் வந்திருந்தால் அதையும் சொல்லலாம், நல்ல விற்பனையாளர் கோபப்பட மாட்டார், பத்தோடு நிறுத்திக்கொள்வார். இன்னொன்று, பல கடைகளில் காட்டியவருக்கு உருப்படிக் கணக்கில் ஊக்கத்தொகை உண்டு. ஒருவர் காட்டியதை மனதில் வைத்துக்கொண்டு, சுற்றிவிட்டு வந்து வேறொருவரிடம் எடுத்தால் முதல் ஆளுக்கு நாமம். சீட்டு எழுதும்போது “அவர்தான் காட்டினார்” என்று கை காட்டுங்கள்.

மத்தியானம் ஒரு கவுன்ட்டர் மூடியிருந்தால் அது சோம்பேறித்தனம் அல்ல. தொடர்ந்து ஐந்து மணி நேரம் வேலை பார்த்தவருக்கு ஒரு மணி நேர ஓய்வு கொடுக்க வேண்டும் என்று கர்நாடகக் கடைகள் சட்டம், 1961-இலேயே இருக்கிறது. அதேபோல், நீங்கள் வரும்போது ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தால் எழுந்து நிற்கவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். உட்கார இடம் வேண்டும் என்பதற்கே கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் சட்டம் திருத்த வேண்டியிருந்தது.

குறையுள்ள பொருளைத் திருப்பித் தரும்போது கோபம் நியாயம்தான், ஆள்தான் தப்பு. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ பலகையை எழுதியவர் கவுன்ட்டரில் இல்லை. “உங்களைச் சொல்லலைம்மா, மேனேஜரைக் கூப்பிடுங்க” என்று ஆரம்பியுங்கள். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்ப 2019 நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது. மேனேஜர் மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடுங்கள். சட்டையில் குத்தியிருக்கும் பெயர்ப் பட்டையைப் படித்து, பெயர் சொல்லி மிரட்டுவது மட்டும் வேண்டாம்.

கடை மூடுவது பத்து மணி என்றால் அவர்கள் கிளம்புவது பத்துக்கு அல்ல. கல்லாவை எண்ணி, கார்டு மெஷின் கணக்கைச் சரிபார்த்து, தரையைப் பெருக்கி முடிக்க இன்னும் அரை மணி ஆகும், அதற்கப்புறம்தான் பஸ். ஒன்பதே முக்காலுக்குப் பால் பாக்கெட் வாங்கலாம். பட்டுப் புடவை காலையில்.