மறைத்த டிகிரி

ஓசூர் சிப்காட்டில் மெஷின் ஷாப்பில் இருக்கிறேன். ஆபரேட்டர் வேலைக்கு வரும் பையன்களிடம் முதலில் பேசிப் பார்ப்பது என் பொறுப்பு.

நேற்று ஊத்தங்கரைப் பக்கத்துத் தம்பி ஒருவன் வந்தான். விண்ணப்பத்தில் பிளஸ் டூ என்று மட்டும் இருந்தது. நுண்ணிய அளவு எடுக்கும் மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்தேன். அதன் முனையில் இருக்கும் ராட்செட்டை மெல்லத் திருகி, டிக் டிக் சத்தம் வந்ததும் நிறுத்தி, "ஜீரோ எரர் பாத்துக்கட்டுமாண்ணா?" என்றான். அளக்கும் முன் கருவியே பிசகிக் காட்டுகிறதா என்று பார்ப்பதுதான் அது. புதுக் கைக்கு அந்தப் பக்குவம் வராது. "உண்மையைச் சொல்லுப்பா" என்றதும் கண் கலங்கிவிட்டது. பி.இ. மெக்கானிக்கல். டிகிரி என்று போட்டால் "நீ நிலைக்க மாட்டே" என்று மூன்று இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

வயிறு எரிகிறது. அப்பா மாந்தோப்பைக் குத்தகைக்கு விட்டுப் படிக்கவைத்த படிப்பு அது.

ஆனாலும் தம்பிகளே, மறைக்காதீர்கள். இல்லாத படிப்பைப் போட்டால்தான் பொய் என்று நினைக்கிறோம். பட்டதாரிகள் விண்ணப்பிக்கக் கூடாது என்றிருந்த பியூன் வேலைக்கு, பட்டத்தை மறைத்துத் தேர்வானவரைப் பொதுத்துறை வங்கி ஒன்று சேர்க்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வங்கி செய்தது சரிதான் என்று 2020 நவம்பரில் தீர்ப்பு வந்தது.

ஆள் எடுப்பவர்களுக்கும் ஒன்று கேட்கிறேன். படித்தவன் ஓடிவிடுவான் என்று நீங்களே முடிவு கட்டினால் அவன் வேறு என்ன செய்வான்?

சரி, விண்ணப்பத்தை அவன் கையாலேயே திருத்தச் சொன்னேன். பி.இ. என்று எழுதி, முடித்த வருடத்தையும் போட்டான். மேனேஜரிடம் நானே கொண்டுபோய்ப் பேசினேன். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.