'அதையும்' என்று சொன்னேன்

"அதையும் சரி பண்ணிடறோம் சார்."

அந்த அறையில் நான் கடைசியாகச் சொன்னது இதுதான். இதில் பொய் எதுவும் இல்லை. சொன்னபடியே 2 நாளில் சரியும் செய்துவிட்டேன். ஆனாலும் அந்த 'அதையும்' மட்டும் இன்னும் உறுத்துகிறது. 'அதைச் சரி பண்ணிடறோம்' என்று சொல்லியிருந்தால் அது ஒப்புதல். ஒரு 'உம்' ஒட்டிக்கொண்டதால், பெரிய தவறை வேறு யாரோ செய்துவிட்டது போலவும் எங்கள் பக்கம் ஏதோ சில்லறை வேலை பாக்கி இருப்பது போலவும் ஆகிவிட்டது. அந்த வேறு யாரோ அப்போது கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

2003இல் நடந்தது. ஒரு அலுவலகத்துக்காக நாங்கள் எழுதிய டேட்டா என்ட்ரி திரை. ஒரு காகிதப் படிவத்தை அடித்து முடித்து 'சேமி'யை அழுத்தினால் பக்கம் வெள்ளையாகும். 6, 7 விநாடி கழித்து மேலிருந்து கீழாக மெல்ல வந்து சேரும். ஒரு நாளைக்கு நூற்றுக்கும் மேல் படிவங்கள். நான் அவற்றை அடிக்கும் ஒரு அம்மாவுக்குப் பக்கத்தில், பின்னால் கதவோரம் நின்றவரும் அவர்தான், ஒரு முற்பகல் முழுக்க உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கெடுத்தேன். பக்கம் வெள்ளையாக இருக்கும் நேரத்தில் அவர் அடித்த படிவத்தைத் திருப்பிக் கவிழ்த்து வைப்பார். பக்கம் திரும்பி வந்ததும் அதன் மூலையில் ஒரு டிக் போடுவார். எனக்கு அந்த 7 விநாடி வீணாகப் போகிற நேரமாகத்தான் பட்டது. அவருக்கு அது ரசீது. இது அன்று எனக்குத் தெரியவில்லை.

ரீலோட் இல்லாமல் சர்வரிடம் பேசுவதற்கு அப்போதே வழிகள் இருந்தன. மைக்ரோசாஃப்ட் 1998 வாக்கிலேயே ரிமோட் ஸ்கிரிப்டிங் என்று ஒன்றைக் கொடுத்திருந்தது. ஜாவா ஆப்லெட் என்ற குட்டி நிரல் ஒன்று பக்கத்துக்குள்ளே உட்கார்ந்து தூது போகும். 1999இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 வந்தபோது, அவுட்லுக்கை பிரவுசரில் ஓட்டுவதற்காகச் செய்த எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபி என்ற, பின்னணியில் சர்வரிடம் பேசும் கருவி அதில் சேர்ந்து வந்தது. ஆனால் அது ஒரு ஆக்டிவ்எக்ஸ் பொருள், அதாவது பிரவுசருக்குள் ஓடும் துணை நிரல். அந்த அலுவலகத்தில் பாதுகாப்புக்காக ஆக்டிவ்எக்ஸை மொத்தமாக அடைத்து வைத்திருந்தார்கள். மிச்சம் இருந்தது ஐஃப்ரேம், அதாவது ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் சட்டம். அகலம் 0, உயரம் 0 என்று பக்கத்தின் அடியில் ஒரு ஐஃப்ரேமை ஒளித்து வைத்து, படிவத்தின் டார்கெட்டை, அதாவது பதில் வந்து சேரும் இடத்தை, அதற்குத் திருப்பிவிட்டால் போதும். சேமிப்பது அந்தக் கண்ணுக்குத் தெரியாத சட்டத்துக்குள் நடக்கும். மேலே இருக்கும் பக்கம் அசையவே அசையாது.

முதல் தடவை அது ஓடியபோது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லாமல் விட முடியாது. 'சேமி'யை அழுத்தினேன். திரை அப்படியே நின்றது. கட்டங்கள் மட்டும் காலியாகி அடுத்த படிவத்துக்குத் தயாராயின. ஓரத்தில் பச்சை எழுத்தில் 'சேமிக்கப்பட்டது' என்று வந்தது. பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு 3 தடவை காட்டினேன்.

சோதனைக்காக அந்தத் திரையை 2 பேருக்கு மட்டும் கொடுத்தோம். முதல் நாளே அந்த அம்மா கேட்டார்: "சார், முன்னாடி பக்கம் வெள்ளையாகித் திரும்பி வந்தா உள்ள போயிடுச்சுன்னு தெரியும். இப்ப எப்படித் தெரியும்?"

நான் பச்சை எழுத்தைக் காட்டி, "இதைப் பாத்துக்குங்க மேடம். இனிமே அதைப் பத்திக் கவலையே படாதீங்க" என்றேன்.

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவே இல்லை என்பது இப்போது தெரிகிறது. அவர் கேட்டது, உள்ளே போனது எப்படித் தெரியும் என்று. நான் காட்டியது ஐஃப்ரேமின் ஆன்லோட் நிகழ்ந்ததும் எழுத்தைப் பச்சையாக்கும் ஒரு வரி. ஆன்லோட் என்றால் ஏதோ ஒரு பக்கம் வந்து சேர்ந்தது என்று அர்த்தம். என்ன பக்கம் என்று அதற்குத் தெரியாது. கோரிக்கை என்ன ஆனது என்று சர்வர் அனுப்பும் நிலை எண்ணை ஐஃப்ரேமிடம் கேட்டு வாங்கவும் வழியில்லை. இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியுமா என்று கேட்டால், தெரியும். யோசித்தேனா என்றால், இல்லை. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை என்னால் இன்னும் அளக்க முடியவில்லை.

இரண்டாவது வாரம் ஒரு நாள் மாலை, படிவக் கட்டின் எண்ணிக்கையும் கணினியில் இருந்த எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை. 37 குறைந்தது. எல்லாம் அந்த அம்மா அடித்தவை. சோதனைத் திரை வைத்திருந்த இன்னொருவர் அன்று விடுப்பு.

சர்வரின் லாக் ஃபைலை, அதாவது வந்த கோரிக்கைகளின் பதிவேட்டை, திறந்ததும் தெரிந்துவிட்டது. சேமிக்கும் பக்கத்துக்கு ஒரு கோரிக்கை, பதில் 302, அதாவது 'வேறு பக்கத்துக்குப் போ'. அடுத்த வரியில் லாகின் பக்கம், பதில் 200, அதாவது 'சரி'. மறுபடி 302, மறுபடி 200. இப்படி 37 ஜோடிகள். அவருடைய செஷன், அதாவது அவர் லாகின் செய்திருப்பதைச் சர்வர் நினைவில் வைத்திருப்பது, நடுவில் எங்கோ அறுந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு அவர் அனுப்பிய ஒவ்வொரு படிவத்துக்கும் சர்வர் "முதலில் உள்ளே வா" என்று லாகின் பக்கத்தைக் கொடுத்திருக்கிறது. அந்தப் பக்கம் 0 அகலச் சட்டத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் வந்துவிட்டதே என்று என் ஸ்கிரிப்ட் பச்சையாகச் 'சேமிக்கப்பட்டது' போட்டுக் கட்டங்களைத் துடைத்திருக்கிறது. 37 தடவையும் லாகின் திரை அவர் முன்னால்தான் இருந்தது. நான்தான் அதைக் கண்ணில் படாமல் வைத்திருந்தேன்.

அப்புறம் அந்தக் கூட்டம். உள்ளே போகும் முன் எங்கள் புராஜெக்ட் மேனேஜர், "சுருக்கமா பேசுங்க" என்றார். அவர் வேறு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

"என்ன ஆச்சு?" என்று அந்த அலுவலகத்தின் மேலாளர் கேட்டார்.

"அவங்க லாகின் காலாவதி ஆகியிருந்துச்சு சார். அதுக்கப்புறம் அடிச்சது எதுவும் சேரலை."

மேலாளர் கதவுப் பக்கம் திரும்பினார். "ஏம்மா, மத்தவங்க எல்லாம் திரும்ப லாகின் பண்ணிக்கிட்டாங்களே. நீங்க கவனிக்கலையா?"

"பச்சையா வந்துச்சு சார். ஒவ்வொண்ணுக்கும் டிக்குன்னு சத்தமும் கேட்டுச்சு."

அந்தச் சத்தம் உண்மைதான். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் எந்தச் சட்டத்துக்குள் பக்கம் மாறினாலும் ஒரு சின்னக் கிளிக் ஒலி எழுப்பும். நான் அதைத் தொந்தரவு என்று நினைத்து எப்படி நிறுத்துவது என்று தேடிக்கொண்டிருந்தேன். வெள்ளைப் பக்கம் போனதும் அவர் ரசீதாகப் பிடித்துக்கொண்டது அந்தச் சத்தத்தைத்தான்.

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "அதையும் சரி பண்ணிடறோம் சார்."

மற்றவர்கள் எல்லாம் திரும்ப லாகின் செய்துகொண்டார்கள் என்பது சரி. அவர்கள் பழைய திரையில் இருந்தார்கள். பக்கம் முழுதாக ரீலோட் ஆனதும் லாகின் பக்கம் முகத்துக்கு நேராக வந்து நின்றது. செய்துகொண்டார்கள். அதைச் சொல்ல எனக்கு 2 வாக்கியம் போதும். சுருக்கமாகப் பேசு என்பதற்குள்ளேயே அது அடங்கும்.

அப்படியானால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஏன் செஷன் போனது? எனக்கு இன்னும் பிடிபடாத இடம் இங்கேதான் தொடங்குகிறது. அன்று காலை எங்கள் குழுவிலிருந்து குளோபல் ஏஎஸ்ஏ என்ற, முழு அப்ளிகேஷனுக்கும் பொதுவான கோப்பில் ஒரு சின்னத் திருத்தம் ஏற்றினார்கள். சரி என்று தலையாட்டியவன் நான். அந்தக் கோப்பைத் தொட்டால், நாங்கள் பயன்படுத்திய மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி முழு அப்ளிகேஷனையும் நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கும். நினைவில் இருக்கும் செஷன்கள் எல்லாம் போய்விடும். ஏஎஸ்பியில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எதுவும் செய்யாமல் 20 நிமிடம் விட்டால் செஷன் தானாகக் காலாவதியாகும் என்பது வேறு. அன்று நடந்தது அது இல்லை. அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. இடைவெளியே இல்லாத அந்த 37 ஜோடி வரிகளே அதற்குச் சாட்சி.

இதைக் கூட்டத்துக்கு முன்பே நான் இணைத்துப் பார்த்தேனா? பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதில், இல்லை என்பதுதான். அதற்குக் காரணமும் வைத்திருந்தேன். எங்கள் வெப் சர்வரான ஐஐஎஸ்ஸின் லாக் ஃபைலில் நேரம் கிரீன்விச் கணக்கில் பதிவாகும். உள்ளூர் நேரத்துக்கு மாற்றிப் பார்த்தால்தான் நாங்கள் கோப்பை ஏற்றிய நேரத்தோடு ஒத்துப்போகும். அவசரத்தில் மாற்றிப் பார்க்கவில்லை.

ஆனால் நான் அந்த லாக் ஃபைலைத் தினமும் படிக்கிறவன். அந்தக் கூட்டல் எனக்குக் கைவிரலில் இருந்தது. பார்த்தவுடன் நேரம் தெரிந்திருக்காதா? 'காலாவதி' என்ற சொல்லை ஏன் தேர்ந்தெடுத்தேன்? காலாவதி என்றால் யாரோ விட்டுவிட்டுப் போனது போல ஒலிக்கிறது. 'அறுந்துபோச்சு' என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி 'யார் அறுத்தது' என்று வந்திருக்கும்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது 26 வயது. அந்தத் திரை என் யோசனை. அங்கேயே உடைத்துச் சொல்லியிருந்தால் அதைக் கைவிடச் சொல்லியிருப்பார்கள். பிறகு எல்லோரும் அதே வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். இது நான் பிறகு யோசித்துக் கண்டுபிடித்த நியாயம். நடந்தது என்னவென்றால், நான் சொல்லாமல் இருந்தும் அந்தத் திரையைக் கைவிடத்தான் சொன்னார்கள். சரிசெய்து கொண்டுபோய்க் காட்டியபோது, "இப்போதைக்குப் பழையதே இருக்கட்டும்" என்றார்கள். அந்த 37 படிவங்களையும் அவர் அன்று மாலையே பழைய திரையில் உட்கார்ந்து திரும்ப அடித்தார். நான் அந்த அறையைக் கடந்துதான் வெளியே போனேன். நின்று பேசவில்லை.

சரிசெய்தது எப்படி என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் அது எவ்வளவு சின்ன வேலை என்பதுதான் என்னை வருத்துகிறது. சர்வர் சேமித்து முடித்ததும் பதிவு எண்ணோடு ஒரு வரி ஸ்கிரிப்டை ஐஃப்ரேமுக்கு அனுப்பும். அந்த வரி மேலே இருக்கும் பக்கத்தின் ஃபங்ஷனைக் கூப்பிடும். கூப்பிட்டால்தான் பச்சை. 10 விநாடிக்குள் அழைப்பு வரவில்லை என்றால் சிவப்பு, கட்டங்களையும் துடைக்காது. லாகின் பக்கத்திலும் 2 வரி சேர்த்தேன்: தான் ஏதாவது சட்டத்துக்குள் இருப்பது தெரிந்தால் முழுப் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு முன்னால் வந்து நிற்க வேண்டும். எல்லாம் சேர்ந்து 30 வரி இருந்தால் அதிகம்.

2004இல், பக்கத்தை முழுதாக ரீலோட் செய்யாமலே ஓடும் ஜிமெயில் வந்தது. 2005 பிப்ரவரியில் வலை வடிவமைப்பாளர் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இந்த முறைகளுக்கெல்லாம் சேர்த்து அஜாக்ஸ் என்று பெயர் வைத்தார். பெயர் வந்ததும் எல்லாருக்கும் அது வேண்டியிருந்தது. முன்பு வேண்டாம் என்ற அதே அலுவலகம் எங்களைத் திரும்பக் கூப்பிட்டது. இந்த முறை எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபிக்காக ஆக்டிவ்எக்ஸையும் திறந்துவிட்டார்கள். இதில் நிலை எண் கிடைக்கும், இனி அந்தப் பிரச்சினை இல்லை என்று குழுவில் ஒருவர் சொன்னார். நான்தான் மறுத்தேன். 302 வந்தால் பிரவுசர் நம்மைக் கேட்காமலே பின்தொடர்ந்து போய் லாகின் பக்கத்தை எடுத்துவரும், நம் கையில் கிடைப்பது 200தான். பின்னணியில் வரும் கோரிக்கைக்குச் சர்வர் லாகின் பக்கத்தைக் கொடுக்கக் கூடாது, 'லாகின் தேவை' என்று சொல்லும் 401 எண்ணைக் கொடுக்க வேண்டும். இதைச் சொன்னதற்காக எனக்கு நல்ல பெயர் கிடைத்தது. எங்கே கற்றேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்போதிலிருந்து யாருடைய நிரலைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: இங்கே லாகின் பக்கம் வந்தால் என்ன ஆகும்? இப்போதெல்லாம் சர்வர் பதில் சொல்வதற்கு முன்பே 'சேமிக்கப்பட்டது' என்று காட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. தவறினால் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்கிறார்கள். ஒழுங்காகத் திருத்தினால் அதில் குற்றமில்லை. நானும் எழுதியிருக்கிறேன். இருந்தாலும் அந்தக் கேள்வியை விடாமல் கேட்கிறேன். அக்கறையால்தான் கேட்கிறேன் என்று நினைக்கிறேன். நிரலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும் வரை அந்த அறையில் பேசியதைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

2005 திரைக்கு நானே பயிற்சி கொடுக்கப் போனேன். அந்த அம்மா இரண்டாவது வரிசையில் இருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. சிரித்தார். பழைய கேள்வியை அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. நானாகவே, "சேமிச்சதும் இங்க பதிவு எண் வரும் மேடம், அது வந்தாதான் உள்ள போயிருக்குன்னு அர்த்தம்" என்று காட்டினேன்.

"சரி சார்" என்றார்.

பிறகு வரிசையாக அடிக்க ஆரம்பித்தார்கள். அவர் முதல் படிவத்தை முடித்தார், எண் வந்தது. பென்சிலை எடுத்து, டிக் போட்டுக்கொண்டிருந்த அதே மூலையில் அந்த எண்ணை எழுதினார். எழுதியதைத் திரையோடு ஒருமுறை ஒத்துப் பார்த்தார். பிறகு படிவத்தைக் கவிழ்த்து வைத்தார். அடுத்ததற்கும் அப்படியே. எழுதத் தேவையில்லை, பட்டியலில் எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் ஏறக்குறைய 7 விநாடி ஆனது.