மூக்கணாங்கயிறு மாட்டாத கார்

சாவியைத் திருப்பினேன். டிக், டிக், டிக், டிக். பல்லி சொன்ன மாதிரி இருந்தது. டாஷ்போர்டு விளக்குகள் ஒருமுறை மினுக்கிவிட்டு மங்கின. கனடாவின் எட்மன்டனில் காலை ஏழு மணி, மைனஸ் 27 டிகிரி. "குளிரெல்லாம் பழகிப்போச்சு" என்று முந்தின நாள்தான் புதிதாக வந்த தேவகோட்டைப் பையனிடம் பெருமையடித்திருந்தேன். பாட்டையா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போன காலத்தில் மூன்று வருடம் முடிந்தால் ஊர் திரும்பலாம். எனக்கும் மூன்று முடிந்தது. நான் கார் வாங்கினேன்.

இங்கே கார்களின் முன்பக்கம் ஒரு பிளக் தொங்கும், மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி. ராத்திரி அதைக் கரண்டில் செருகிவிட்டால் உள்ளே ஹீட்டர் எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும். மறந்து தூங்கிவிட்டேன். மைனஸ் 18-லேயே பேட்டரி பாதி வலுவுக்கு மேல் இழந்துவிடும். ஆயிலோ மார்கழி நெய்யாக இறுகிப்போகும்.

காரைக்குடிக்குப் போன் போட்டேன். அங்கே இரவு ஏழரை. அப்பச்சி, அதாவது அப்பா, முகப்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

"டிக்டிக்குனு கேக்குதா, ஒரே ஒரு டக்கா?"

"டிக்டிக் அப்பச்சி."

"அப்ப பேட்டரிதான். ஒரே டக்குன்னா ஸ்டார்ட்டரப் பாக்கணும். நாலு பேரத் தள்ளச் சொல்லிட்டு செகண்ட் கியர்ல கிளச்ச விடு."

இது ஆட்டோமேட்டிக், தள்ளினால் ஸ்டார்ட் ஆகாது என்றேன்.

"தள்ள முடியாத காரை எதுக்கு வாங்குன?"

எனக்கும் ஆற்றாமை அதுதான். எங்கள் அம்பாசடர் சரியாகப் பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பும் நாளில்தான் மக்கர் பண்ணும். ஆத்தா மடியில் பூத்தட்டோடு பின்சீட்டில் இருப்பார்கள், இறங்கவே மாட்டார்கள். பாதி வீடுகள் பூட்டிக்கிடக்கும் தெரு, ஆனாலும் எங்கிருந்தோ ஆள் வரும். பால்காரர் சைக்கிளைச் சுவரில் சாய்ப்பார். டீக்கடையிலிருந்து நாலு பேர். ஒருத்தர் மட்டும் கையே வைக்காமல் "விடாதே, விடாதே" என்று மேஸ்திரி வேலை பார்ப்பார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, கரும்புகையைத் துப்பிவிட்டு உறுமும். நன்றி சொல்ல நிறுத்த முடியாது, நிறுத்தினால் அணைந்துவிடும். திரும்பிப் பார்த்தால் மடித்த வேட்டியை இறக்கிவிட்டபடி டீக்கடைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்.

இங்கே பக்கத்து வீட்டு அம்மா ஜம்பர் கேபிளோடு வந்தார். சிவப்பு என் பேட்டரியின் பிளஸ்ஸில், அப்புறம் அவருடையதின் பிளஸ்ஸில். கறுப்பு அவருடைய மைனஸில். கடைசிக் கறுப்பைப் பேட்டரியில் மாட்டாமல் என் எஞ்சினின் வெறும் இரும்பில் கவ்வவிட்டார். பேட்டரிப் பக்கம் பொறி பறந்தால் அங்கிருக்கும் ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளும். டெர்மினலில் பச்சையாகப் பூத்திருந்ததைக் காட்டி, சோடா கரைத்த வெந்நீரில் கழுவச் சொன்னார். ஊரிலிருந்து கட்டிவந்த ஆப்ப சோடா ஒருவழியாக எதற்கோ ஆகப்போகிறது.

ஐந்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது. அவர் கட்டைவிரலைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

போனை இன்னும் வைக்கவில்லை.

"கேக்குதா அப்பச்சி?"

"கேக்குது, கேக்குது. அணைச்சிறாத, ஓடட்டும்." கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்கள்: "யாரு தள்ளுனா?"