கில் எவன்ஸின் ‘அவுட் ஆஃப் தி கூல்’

பெரிய ஜாஸ் குழு என்றாலே காதைப் பிளக்கும் என்று நினைப்பவர்கள் ஜாஸ் இசையமைப்பாளர் கில் எவன்ஸின் இந்த ஆல்பத்தை ஒருமுறை கேளுங்கள். 1960 கடைசியில் நியூஜெர்சியில், ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோவில் பதிவானது. மொத்தம் ஐந்தே உருப்படிகள். இரண்டு எவன்ஸ் எழுதியவை. மற்ற மூன்றும் பிறர் மெட்டுகள், கர்ட் வைலின் ‘பில்பாவ் சாங்’ உட்பட.

எனக்கு ‘லா நெவாடா’தான் உயிர். 15 நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது, ஆனால் கையில் இருப்பது ஒரு சின்ன மெட்டுத் துண்டு மட்டுமே. பியானோ தயங்கித் தயங்கித் தொடங்கும். டிரம்மர் எல்வின் ஜோன்ஸ் குலுக்கும் ஷேக்கர் விடாமல் சலசலக்கும். அப்புறம்தான் ஊதுகருவிகள் ஒவ்வொன்றாக உள்ளே வரும். அவசரமே இல்லை! அந்தப் பொறுமைதான் எவன்ஸ்.

‘வேர் ஃப்ளமிங்கோஸ் ஃப்ளை’யில் ஜிம்மி நெப்பரின் டிராம்போன் மனிதக் குரலாகவே அழுகிறது. ஹெட்போனில் கேளுங்கள், டியூபாவின் அடிக்குரலைத் தவறவிடாதீர்கள்.